பழைய ஆர்.பி.ஜி நிரல்கள் புதிய சேர்வரில் மெதுவாக ஓடும்போது

ஐபிஎம் கணினிகளின் வணிக நிரல்மொழியான ஆர்.பி.ஜியில் எழுதிய நிரல், யாழ்ப்பாணக் கிளையில் விலைப்பட்டியல் அடிக்க நேரமெடுக்கிறது என்றதும், கொழும்பிலுள்ள சேர்வருக்கு மெமரி கூட்ட விலைமனு கோருவது பல நிறுவனங்களின் வழக்கம். அதற்கு முன்னர் அதே கணக்கு வேலையைத் திரை எதுவுமின்றிச் சேர்வரிலேயே பின்னணி வேலையாக ஓட்டிப் பாருங்கள். அங்கும் இழுபட்டால் கிளைக்கும் சேர்வருக்கும் இடையிலான இணைப்பின்மீது பழிபோட இடமில்லை.

முதல் நாள் அளவுகளை நம்பவேண்டாம். ஐபிஎம்மின் பழைய ஏஎஸ்/400 கணினிக் காலத்து நிரல்களை, அதன் வழிவந்த ஐபிஎம் ஐ இயக்குதளத்தின் 2008 இல் வெளியான 6.1 பதிப்புக்கோ அதற்குப் பிந்தியவற்றுக்கோ கொண்டுவரும்போது, புதிய வடிவத்துக்கு முன்கூட்டியே மாற்றிவைக்காத நிரல் பெரும்பாலும் முதன்முறை அழைக்கப்படுகையிலேயே மாற்றப்படுகிறது. ஆகையால் முதல் ஓட்டம் மெதுவாக இருப்பது இயல்பு. உருவாக்கத் தரவு (நிரலை மீண்டும் கட்ட உதவும் உள்தகவல்) நீக்கப்பட்ட நிரல் மாறவே மாறாது. அதன் மூலநிரலைத் தேடியெடுத்து மீளத் தொகுக்க வேண்டும்.

இரண்டாம் நாளும் வேகம் வராவிட்டால், என் அனுபவத்தில் முதலில் பார்க்கவேண்டியது கோப்புகள் திறந்து மூடப்படும் விதமே. பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் விலையைத் தேடித்தரும் துணைநிரல் ஒன்று, முடியும்போது எல்.ஆர் சுட்டியை (நிரலின் வேலை முற்றாக முடிந்தது என்ற அறிகுறியை) இயக்கிவிட்டால், அது திறந்த மூன்று கோப்புகளும் மூடப்பட்டு, அடுத்த வரிக்கு மீண்டும் திறக்கப்படும். நாற்பது வரிப் பட்டியலுக்கு நூற்றிருபது திறப்புகள். ஒரு பதிவை வாசிப்பதைவிடக் கோப்பைத் திறப்பது பலமடங்கு செலவான வேலை. எல்.ஆரை இயக்காமல் திரும்பும்படி அந்தத் துணைநிரலைத் திருத்துங்கள். ஆனால் மாறிகள் பழைய பெறுமதிகளுடனேயே காத்திருக்கும் என்பதால், தொடக்கத்திலேயே அவற்றை வெறுமையாக்க வேண்டும். தவறினால் முந்தைய வாடிக்கையாளரின் கழிவு அடுத்தவரின் பட்டியலில் ஏறிவிடும், அதை முதலில் கண்டுபிடிப்பவர் கணக்காளராகத்தான் இருப்பார்.

ஐ.எல்.ஈ எனும் பிந்திய நிரல் கட்டமைப்பு முறைக்கு மாற்றிய துணைநிரல்கள் ஒவ்வோர் அழைப்புக்கும் புதிய செயற்படுத்தல் குழுவை (நிரலின் மாறிகளும் திறந்த கோப்புகளும் இருக்கும் இடத்தை) உருவாக்கும்படி தொகுக்கப்பட்டிருந்தால், மேற்சொன்ன திருத்தம் பயன்தராது. குழு அழியும்போது கோப்புகளும் மூடப்படுமாகையால், அழைப்பவரின் குழுவிலேயே ஓடும்படி மீளத் தொகுங்கள்.

ஒவ்வொரு திருத்தத்தின் பின்னரும் அந்த வேலையின் செயலி நேரத்தையும் உள்ளீட்டு வெளியீட்டு எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் குறைவாகவே இருந்தும் வேலை இழுபட்டால், பதிவுப் பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். இடமாற்றத்தின்போது சேமிக்கப்படாத அணுகுபாதைகள் (கோப்பில் பதிவுகளைத் தேட உதவும் சுட்டெண்கள்) இன்னமும் மீளக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தால், அது முடியும்வரை எந்த அளவீடும் செல்லாது.