இன்டேக் மானிஃபோல்ட் கோடு வந்தால் செய்யக்கூடாதவை

பெங்களூருவில் கார் வேலை கற்க வரும் பையன்கள் கையில் இப்போது முதல் மாதத்திலேயே ஸ்கேனர் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் திரையில் வரும் பெயரை அப்படியே ஜே.சி. ரோடு கடையில் போய் ஒப்பித்துப் பார்ட்ஸ் வாங்குவது மட்டும் நின்றபாடில்லை. இன்டேக் மானிஃபோல்ட், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி, அதைப் பற்றி வரும் கோடுகளில் (ஸ்கேனர் காட்டும் பழுது எண்கள்) இது அதிகம் நடக்கிறது, செலவும் அதற்கேற்ப ஏறுகிறது. கனெக்டரைச் சரியாக மாட்டாதது, போல்ட்டைத் தொலைத்தது போன்றவை தானாகவே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடலாம்.

கோடில் பெயர் வந்ததற்காக மானிஃபோல்டையே மாற்றுவது

பி2015-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கோடா லாரா, ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா, பஸ்ஸாட் வண்டிகளில் வரும் 2.0 டிடிஐ காமன் ரெயில் டீசல் இன்ஜினில் நன்றாகப் பழகிய கோடு. திரையில் 'இன்டேக் மானிஃபோல்ட் ரன்னர் பொசிஷன் சென்சார், ரேஞ்ச்/பெர்ஃபார்மன்ஸ்' என்று வரும். எல்லோரும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விஷயமே பின்பாதியில்தான் இருக்கிறது.

இதே குடும்பத்தில் பி2016 என்றால் சிக்னல் வோல்டேஜ் மிகக் குறைவு, பி2017 என்றால் மிக அதிகம். அந்த இரண்டுக்கும் முதலில் வயரிங்கைப் பார்க்க வேண்டும். ரேஞ்ச்/பெர்ஃபார்மன்ஸ் என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் ஈசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) எதிர்பார்த்த எல்லைக்குள் இல்லை. அதற்கு முதலில் மெக்கானிக்கல் பக்கம் போக வேண்டும்.

எல்லை ஏன் மீறுகிறது? இந்த இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு இன்டேக் வழிகள். குறைந்த வேகத்தில் ஒரு வழியை ஃபிளாப் மூடிவிடும், மற்றதன் வழியே காற்று சுழன்று உள்ளே போகும். லோடு ஏறினால் ஃபிளாப் திறக்கும். ஒரு மோட்டார் ராடையும் லீவரையும் இழுத்து இதைச் செய்கிறது. லீவர் போய் முட்டி நிற்கும் இடம், அதாவது ஸ்டாப், பிளாஸ்டிக். வருடக்கணக்கில் முட்டி முட்டி அது தேய்ந்ததும், லீவர் நிற்க வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டிப் போகிறது. சென்சார் அந்தக் கோணத்தை உள்ளபடியே சொல்கிறது, ஈசியூ விளக்கைப் போடுகிறது. சென்சார் நல்லது, வயர் நல்லது, மோட்டாரும் நல்லது.

ஓசூர் ரோடு பக்கத்தில் ஒரு ஷெட்டில் ஒரு லாராவுக்கு நடந்தது இது. முதலில் மோட்டாரை மாற்றினார்கள். கோடை அழித்துக் கொடுத்த வண்டி சில நாளில் அதே விளக்கோடு திரும்பி வந்தது. அடுத்து முழு மானிஃபோல்ட், புது கேஸ்கெட், இரண்டு நாள் லேபர். கழற்றிய பழைய மானிஃபோல்டில் லீவர் முனை பளபளவென்று ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. ஃபிளாப் எல்லாம் நன்றாகவே அசைந்தன. அந்த ஸ்டாப்புக்கென்றே விற்கும் ஒரு சின்ன உலோக பிராக்கெட்டில் தீர வேண்டிய வேலைக்கு, வண்டிக்காரர் பல ஆயிரம் கொடுத்துவிட்டுப் போனார். இதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது. பத்து நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

அந்தப் பத்து நிமிடம் இப்படிப் போக வேண்டும். கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃபிரேமை (கோடு விழுந்த நேரத்தில் ஈசியூ பதிந்துவைத்த அளவுகள்) குறித்துக்கொள்ளுங்கள். கனெக்டரைக் கழற்றி, இக்னிஷன் ஆன் செய்து, சென்சார் சப்ளை 5 வோல்ட் இருக்கிறதா, கிரவுண்ட் சரியா என்று மல்ட்டிமீட்டரில் பாருங்கள். திரும்ப மாட்டி, ஸ்கேனரில் அவுட்புட் டெஸ்ட் ஓட்டி (ஸ்கேனரே மோட்டாரை அசைத்துப் பார்க்கும் சோதனை), டார்ச் அடித்து லீவர் முனையை மட்டும் கவனியுங்கள். கை தூரமாக இருக்கட்டும். ஸ்டாப்பில் வந்து நிற்கிறதா, வழுக்கித் தாண்டுகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். பிறகு இக்னிஷனை ஆஃப் செய்து, ராடைக் கழற்றி, ஃபிளாப் ஷாஃப்டை விரலால் அசையுங்கள்.

தாண்டினால் பிராக்கெட். ஷாஃப்ட் இறுக்கமாக இருந்தால் கார்பன், கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். லீவர் சீராக நகரும்போது சிக்னல் மட்டும் குதித்தால் மோட்டார்-சென்சார் யூனிட். ஃபிளாப் உடைந்திருந்தாலோ ஷாஃப்ட் ஆடினாலோதான் மானிஃபோல்ட். காரணம் பார்க்காமல் பிராக்கெட்டை மாட்டுவதும் இதே தவறுதான். கார்பனில் இறுகிய ஃபிளாப்பை எந்த பிராக்கெட்டும் அசைக்காது.

சிவாஜிநகர் குஜ்ரியில் (பழைய பார்ட்ஸ் சந்தை) மானிஃபோல்ட் வாங்கினால் அதே தேய்மானமும் சேர்ந்தே வரும். லீவரைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். எது மாற்றினாலும் கடைசியில் அடாப்டேஷன் ஓட்ட வேண்டும், அதாவது புது எல்லைகளை ஈசியூவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். மலிவு ப்ளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் இதைச் செய்யாது. கம்பெனி அளவு மெனு உள்ள ஸ்கேனர் தேவை.

சென்னைக் கணக்கைப் பெங்களூருவில் போடுவது

இன்ஜின் ஓடாமல் சாவி ஆன் நிலையில் மேப் சென்சார் (மானிஃபோல்டுக்குள் உள்ள அழுத்தத்தை அளப்பது) வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் அது 101 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். இங்கே 91 பக்கம் வருவதுதான் சரி. '101 வரவில்லை' என்று நல்ல சென்சாரைத் தூக்கி எறிகிறார்கள். இங்கே 101 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வேக்கம் கேஜும் அப்படியே. கடல் மட்டத்துக்கு எழுதிய புத்தகத்தில் நல்ல பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் 18 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) என்று இருக்கும். இங்கே சுமார் 3 அங்குலம் குறையும். டீசலில் இந்தக் கேஜை மாட்டவே வேண்டாம், அங்கே இந்த எண்களுக்கு அர்த்தம் கிடையாது.

எலியை மறப்பது

பேஸ்மெண்ட் பார்க்கிங் வண்டியா, எலி கடித்திருக்கலாம், முதலில் வயரைப் பாருங்கள்.

கசிவு தேட கார்ப் கிளீனர் அடிப்பது

பெட்ரோல் வண்டியில் பி0171 (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை என்ற கோடு) வந்தால் உடனே ஸ்ப்ரேயை எடுக்கிறார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீ விபத்துக்கு வழி. முதலில் ஃப்யூயல் டிரிம், அதாவது ஈசியூ எவ்வளவு பெட்ரோல் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற சதவீதத்தைப் பாருங்கள். ஐடிலில் லாங் டெர்ம் +15, 2500 ஆர்பிஎம்மில் +3 என்று இறங்கினால் மானிஃபோல்ட் பக்கத்தில் காற்று உள்ளே வருகிறது. வேகம் ஏற ஏற டிரிமும் ஏறினால் ஃப்யூயல் பிரஷரையும் ஏர்ஃப்ளோ சென்சாரையும் பார்க்க வேண்டும், மானிஃபோல்டைத் தொடாதீர்கள். இடத்தைக் கண்டுபிடிக்க, உள்ளே புகை அனுப்பிக் கசிவைக் காட்டும் ஸ்மோக் மிஷின் போதும். அழுத்தத்தை 1 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றாதீர்கள்.

சென்சார் சிக்னலுக்குப் பதில் ரெசிஸ்டர் வைத்து ஈசியூவை ஏமாற்றுவது

செய்யாதீர்கள்.

மாட்டியபடியே கார்பன் எடுக்க முயல்வது

டீசல் மானிஃபோல்டில் கார்பன் எண்ணெயோடு சேர்ந்து கெட்டியாக ஒட்டியிருக்கும். த்ராட்டில் பக்கமாக ஸ்ப்ரே அடித்தால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து வால்வில் போய் உட்காரும். கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஹெட் பக்க வழிகளில் கார்பன் எடுக்கும்போது, எந்த சிலிண்டரில் வால்வு மூடியிருக்கிறதோ அதை மட்டும் சுத்தம் செய்து, மற்றதைத் துணியால் அடையுங்கள். வேலை முடிந்ததும் துணிகளை எண்ணி எடுங்கள். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். பிளாஸ்டிக் மானிஃபோல்ட் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான். அந்த வண்டியின் மேனுவலைப் பார்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள்.