வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து திருகோணமலையில் வாடகைக்கோ சொந்தக்காரரிடமோ வாகனம் எடுப்பவர்களுக்கு: எந்த வண்டிக்கு எந்த எண்ணெய்

பெற்றோல் செட்டில் போய் நின்று "சுப்பர் அடியுங்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஜெர்மனியில் சுப்பர் என்றால் 95 பெற்றோல். இலங்கையில் சுப்பர் என்றால் சுப்பர் டீசல். இங்கே எண்ணெய் அடிப்பது நாங்கள் அல்ல, செட்டில் வேலை செய்கிற தம்பி. கண்ணாடியை இறக்கி நாங்கள் வாயால் சொல்வதைத்தான் அவர் அடிப்பார். அதுவும் வான் என்றால் மறுகேள்வி வராது, வான் என்றாலே டீசல் என்பதுதான் பொதுவான நினைப்பு. பழக்கதோஷத்தில் வந்த ஒரு சொல்லால் விடுமுறையில் பாதி கராஜ் வாசலில் கழியும்.

செட்டில் இருப்பவை இவை: 92 பெற்றோல், 95 பெற்றோல், ஒட்டோ டீசல், சுப்பர் டீசல். சில இடங்களில் மண்ணெண்ணெயும் உண்டு. நிறுவனங்கள் தங்கள் தங்கள் பெயரை முன்னால் ஒட்டியிருக்கும். அதை விட்டுவிட்டு எண்ணையும் டீசலா பெற்றோலா என்பதையும் பாருங்கள். ஒட்டோ டீசல் என்பது சாதாரண டீசல், முச்சக்கர வண்டிக்கு உரியது அல்ல. உப்புவெளியில் சுற்றிப்பார்க்க வாடகைக்கு எடுக்கிற ஓட்டோக்களில் பெரும்பாலானவை பெற்றோலில் ஓடுபவை. டீசல் ஓட்டோவும் உண்டு, ஆகவே எடுக்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

எண்ணெய் அடிக்கும் குழாய்முனையான நொசிலின் நிறத்தை நம்பவே வேண்டாம். பிரித்தானியாவில் பச்சை பெற்றோல், கறுப்பு டீசல். கனடாவில் பச்சைப் பிடி பல இடங்களில் டீசல். இங்கே நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வண்டியை விட்டு இறங்குங்கள். பம்பில் எழுதியிருப்பதை வாசியுங்கள். "தொண்ணூற்றிரண்டு பெற்றோல், ஐயாயிரம் ரூபாவுக்கு" என்று முழுதாகச் சொல்லுங்கள். மீற்றர் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகு தாங்கி மூடியைத் திறவுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். சின்னத் துண்டுதான், ஆனால் பிறகு அது ஒன்றுதான் சாட்சி.

92, 95 என்பவை ஒக்டேன் எண்கள், பெற்றோல் எஞ்சினில் தட்டாமல் எரியும் தன்மையைக் காட்டுபவை. அவற்றில் வெளிநாட்டார் வீணாகக் குழம்புகிறார்கள். கனடாவில் பம்பில் இருக்கும் 87 வேறு முறையில் கணக்கிடப்படுவது. இலங்கை முறையில் அது ஏறத்தாழ 91 அல்லது 92. ரொறன்ரோவில் 87 அடித்து ஓடியவருக்கு இங்கே 92 தரம் குறைந்த எண்ணெய் அல்ல. ஊரில் ஓடுகிற வாகன் ஆர், அக்சியோ, அக்குவா போன்ற ஜப்பான் கார்கள் ஜப்பானின் சாதாரணப் பெற்றோலுக்கு என்று செய்யப்பட்டவை. அந்நாட்டு நியமத்தில் அது 89 இற்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே 92 தாராளம். 95 அடித்தால் வேகமும் கூடாது, எஞ்சினும் துப்புரவாகாது. ஐரோப்பியக் கார்களுக்கும், கைநூலில் 95 என்று கேட்டிருக்கும் டர்போ எஞ்சின்களுக்கும் மட்டும் அது தேவை. "வெளியில இருந்து வந்திருக்கிறியள், 95 அடிச்சு விடுங்கோவன்" என்று சொந்தக்காரர் கேட்டால், அந்த மேலதிகப் பணத்துக்கு ஒரு எஞ்சின் ஒயிலும் ஃபில்டரும் மாற்றிக் கொடுங்கள். வண்டிக்கு அதுதான் நல்லது.

டீசலில் கதை வேறு. சுப்பர் டீசலில் கந்தகம் மிகக் குறைவு. புகைபோக்கியில் கரித்துகள் வடிகட்டி உள்ள புதிய வண்டிக்கு அதைத்தான் அடிக்க வேண்டும்; கந்தகம் கூடிய டீசல் அந்த வடிகட்டியைக் கெடுக்கும். பழைய வானுக்கு ஒட்டோ டீசல் போதும்.

இனி, கையில் கிடைத்த வண்டி பெற்றோலா டீசலா என்பதைக் கண்டுபிடிப்பது. ஹயஸ் வான் இரண்டிலும் உண்டு, வெளித்தோற்றத்தில் வேறுபாடே தெரியாது. வாகனப் பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் வகை எழுதப்பட்டிருக்கும். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்திலும் பாருங்கள். ரொயோட்டா என்றால் மாதிரிக் குறியீட்டின் முதலெழுத்துகள் எஞ்சினைச் சொல்லிவிடும்: எல்.எச், கே.டி.எச், ஜி.டி.எச் என்று தொடங்கும் ஹயஸ் டீசல், ஆர்.இசட்.எச், டி.ஆர்.எச் பெற்றோல். டவுன் ஏஸ், லைட் ஏஸ் வகையில் சி.ஆர் டீசல், கே.ஆர் பெற்றோல். திறப்பை ஒரு நிலை திருப்பும்போது டாஷ்போட்டில் சுருள் கம்பி போன்ற மஞ்சள் விளக்கு எரிந்தால் டீசல். தாங்கி மூடியின் உட்புறத்தில் ஜப்பான் எழுத்தில் இருக்கும் சீட்டைப் பார்த்து ஊகிக்க வேண்டாம்.

தவறான எண்ணெய் ஏறிவிட்டால் என்ன செய்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் சுற்றி நிற்கும் பத்துப் பேரும் பத்து யோசனை சொல்வார்கள், ஒன்பது யோசனை வண்டியைக் கெடுக்கும்.

டீசல் தாங்கிக்குள் பெற்றோல் போவதுதான் இலகுவில் நடக்கிறது, நட்டமும் அதில்தான் பெரிது. பெற்றோல் நொசில் ஏறத்தாழ 21 மில்லிமீற்றர், டீசல் நொசில் ஏறத்தாழ 25. டீசல் நொசில் பெற்றோல் காரின் ஒடுங்கிய வாய்க்குள் பெரும்பாலும் இறங்காது. பெற்றோல் நொசில் டீசல் வாய்க்குள் தடையில்லாமல் இறங்கும்.

முதலாவது, திறப்பைத் தொடாதீர்கள். ஸ்டார்ட் செய்யாமல் திறப்பைத் திருப்பி வைத்தாலே பல வண்டிகளில் தாங்கிக்குள் இருக்கும் பம்ப் எண்ணெயை முன்னால் தள்ளத் தொடங்கிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் பின்னால் இருந்து "பிள்ளைக்கு வேர்க்குது, ஏசியைப் போடுங்கோ" என்று குரல் வரும். போடாதீர்கள். பிள்ளைகளை இறக்கி நிழலில் விடுங்கள். நியூட்ரலில் போட்டு நாலு பேராகத் தள்ளி ஓரம் கட்டுங்கள்.

இரண்டாவது, "கொஞ்சம்தானே போயிருக்கு, மேல டீசலை அடிச்சு நிரப்பினா சரி" என்ற பேச்சு. பழைய இயந்திரப் பம்ப் உள்ள எஞ்சின்களில் சிலர் அப்படித் தப்பியிருக்கிறார்கள். கொமன் ரெயில் எஞ்சினில், அதாவது டீசலை உயரழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் (ரெயில்) சேர்த்துத் தெளிக்கும் புதிய வகை எஞ்சினில், அதற்கு இடமில்லை. அதன் உயரழுத்தப் பம்பில் 1,000 பாருக்கு மேலான அழுத்தம். அந்தப் பம்புக்கு மசகு டீசல்தான். பெற்றோல் கலந்தால் மசகு போய் உலோகம் உலோகத்தோடு உராயும். உதிர்கிற துகள் எஞ்சினுக்குள் எண்ணெயைத் தெளிக்கும் இஞ்செக்டர் வரை போகும். பிறகு பம்ப், இஞ்செக்டர், ரெயில், குழாய் எல்லாமே மாற்ற வேண்டிவரும்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யவில்லை என்றால் வேலை சிறியது. தாங்கியின் அடியாணியைக் கழற்றி முழுதாக இறக்க வேண்டும். சில லீற்றர் சரியான டீசல் ஊற்றி அலசி அதையும் இறக்க வேண்டும். டீசல் ஃபில்டர் புதிது, தண்ணீர் பிரிப்பான் வடிப்பு, ஃபில்டருக்கு மேல் உள்ள கைப்பம்பால் காற்று எடுப்பு, அதன் பிறகுதான் ஸ்டார்ட். எஞ்சின் ஓடிவிட்டது என்றால் பழைய ஃபில்டரை உங்கள் கண்முன்னே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளி மினுக்கம் தெரிந்தால் அந்தப் பெரிய செலவு வந்துவிட்டது. பெற்றோல் வண்டியில் டீசல் போனால் புகையும் நடுக்கமும் வந்து நின்றுவிடும். இறக்கி அலசி, பிளக் துடைத்தால் பெரும்பாலும் மீளும்.

பிறகு தொடங்குவதுதான் வாடகைக்காரருடனான இழுபறி. நீங்கள் ஓரிரு வாரத்தில் விமானம் ஏறுவீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். காலம் இழுத்தால் அவர்கள் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டுப் போவீர்கள் என்பதும் தெரியும். ஆகவே அன்றைக்கே பில்லையும் பம்பையும் படம் எடுங்கள். இறக்கிய எண்ணெயில் அரை லீற்றரைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்துத் திகதி எழுதுங்கள். எத்தனை லீற்றர் இறக்கினார், எதை மாற்றினார் என்று மெக்கானிக்கிடம் கையெழுத்தோடு வாங்குங்கள். நீங்கள் பெற்றோல் என்று கேட்டும் வேறு அடித்திருந்தால் செட் முகாமையாளரிடம் எழுத்தில் கொடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்; 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. ஆங்கிலத்தில் எழுதினால் மதிப்புக் கூடும் என்ற எண்ணத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஊரில் இருக்கும் ஒருவருக்கு அதிகாரக் கடிதமும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

சொந்தக்காரரின் வான் என்றால் அவர்கள் "பரவாயில்லை, நீங்கள் போயிட்டு வாங்கோ, நாங்கள் பாப்பம்" என்பார்கள். அதை அப்படியே ஏற்காதீர்கள். அந்த வான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும், மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் ஹயர் போகும். ஒரு மாதம் கராஜில் நின்றால் அந்த வீட்டில் உலை கொதிப்பதே சிரமம். விட்டுவிட்டுப் போவது எங்களுக்குப் பழகிப்போன காரியம். இதை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அதேபோல, செட்டில் நின்றுகொண்டு விலையை யூரோவுக்கும் பவுணுக்கும் மாற்றி "மலிவுதானே" என்று சொல்லாதீர்கள். 2022 இல் இதே செட்டுகளின் முன்னால் ஓட்டோக்காரர்கள் வண்டிக்குள்ளேயே படுத்து நாட்கணக்கில் வரிசையில் கிடந்தார்கள். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள் பக்கத்திலேயே இருந்தும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. குதம் என்பது எண்ணெயைச் சேமிக்கும் இடம் மட்டும்தான், சுத்திகரிப்பு நிலையம் கொழும்புப் பக்கம் சப்புகஸ்கந்தையில்.

மண்ணெண்ணெய் பற்றி. கரையோரத்தில் சிறு படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்கள் பல அதில்தான் ஓடுகின்றன. பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 1990களின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் ஓடியதும் அப்படித்தான். அந்த நினைவில் மூத்தவர்கள் "மண்ணெண்ணெயிலயே ஓடும்" என்பார்கள். அன்றைய காபுரேற்றர் எஞ்சின் ஓடியது. இன்றைய இஞ்செக்ஷன் ஸ்கூட்டரில் ஊற்றினால் எஞ்சின் தட்டும், பிளக் கரியேறும், இஞ்செக்டர் அடைக்கும்.

குச்சவெளி தாண்டிப் புல்மோட்டைப் பக்கம் போகிறவர்கள் நகரத்திலேயே நிரப்பிக்கொண்டு போங்கள். வழியில் கடைகளில் போத்தல் பெற்றோல் வாங்க நேர்ந்தால் கலப்படம் பார்க்க வேண்டும். வெள்ளைத் தாளில் ஒரு துளி விடுங்கள்: பெற்றோல் ஓரிரு நிமிடத்தில் கறையில்லாமல் ஆவியாகும், மண்ணெண்ணெயோ டீசலோ கலந்திருந்தால் எண்ணெய்க்கறை நிற்கும். விரலில் தேய்த்தால் பெற்றோல் குளிர்ந்து உடனே காயும், டீசல் வழுக்கிக்கொண்டே இருக்கும், மண்ணெண்ணெய் இரண்டுக்கும் நடு. சமையலறைத் தராசு இருந்தால் ஒரு லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 720 முதல் 775 கிராம், டீசல் 820 முதல் 860 கிராம்; சூடேறியிருந்தால் சற்றுக் குறையும். போத்தலைக் கால் மணி நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும், மாரியில் இது முக்கியம். 92 ஐயும் 95 ஐயும் மட்டும் மணத்தாலோ கண்ணாலோ பிரிக்க முடியாது. நெருப்புக்குச்சியால் சோதிக்கச் சொல்பவரை அருகில் விடாதீர்கள்.

தாங்கியிலிருந்து இறக்கிய கலவையை "வீணாக்காமல்" வீட்டுக்குக் கொடுக்கவும் கூடாது. பெற்றோல் கலந்த எண்ணெயை மண்ணெண்ணெய் அடுப்பிலோ விளக்கிலோ ஊற்றினால் அது வெடிக்கக்கூடும். கலனில் "பெற்றோல் கலந்தது" என்று பெரிதாக எழுதி, கராஜிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.