முதல் காட்டுக்குருவியைக் காதால் பிடிப்பது எப்படி?

சிங்கப்பூரில் இருவாட்சியைப் பார்க்கப் பயிற்சி எதுவும் வேண்டாம், அதுவே கத்தி ஊரைக் கூட்டிவிடும். காட்டுக்குள் இருக்கும் சின்னக் குருவிகள்தான் பாடாய்ப் படுத்தும். பழகிக்கொள்ள நான் சொல்வது பின்ஸ்ட்ரைப்ட் டிட்-பாப்ளர் (Pin-striped Tit-babbler) என்ற குருவி. நம் தவிட்டுக்குருவிக்குத் தூரத்து உறவு, சுமார் 13 செ.மீ. நீளம், முக்கியச் சாப்பாடு பூச்சி. புக்கிட் தீமா, மெக்ரிட்சி, டெய்ரி ஃபார்ம் என இங்குள்ள எல்லாக் காட்டுப் பகுதியிலும் இருக்கிறது, ஆனால் தினமும் அங்கே நடப்பவர்களில் பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள்.

படி 1: குரலைப் பழகுங்கள். பறவைக் குரல்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஸீனோ-கான்டோ (xeno-canto) இணையதளத்தில் பதிவு கிடைக்கும், வீட்டிலேயே பத்து தடவை கேளுங்கள். யாரோ காலி மூங்கிலை ஒரே தாளத்தில் தட்டுவது போல, சொங்க்-சொங்க்-சொங்க் என்று நிறுத்தாமல் போகும். காட்டுக்குள் மட்டும் அதை ஒலிக்கவிடாதீர்கள். தன் இடத்துக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து இரையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும், பாவம்.

படி 2: காலை ஏழரைக்குள் போய்விடுங்கள். ஹில்வியூ எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் டெய்ரி ஃபார்ம் நடை தூரம். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்கு பிடுங்கும்.

படி 3: அண்ணாந்து பார்க்காதீர்கள். முதல் நாள் நான் உச்சிக்கிளைகளையே இரண்டு மணி நேரம் பார்த்து, கழுத்து வலியோடு ஒரே ஒரு அணிலைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். இது இருப்பது பாதையோரத்தில் வெளிச்சம் விழுகிற கொடிப் புதரில், பெரும்பாலும் நம் தலை உயரத்தையொட்டி.

படி 4: குரல் கேட்டதும் துரத்தாமல் அப்படியே நில்லுங்கள். ஐந்து நிமிடம் ஆகலாம், கொசு கடிக்கும், சரி பரவாயில்லை. எங்கே ஒரு சருகு காற்றில்லாமல் ஆடுகிறதோ அங்கே பாருங்கள். கொடியில் சிக்கிச் சுருண்டு தொங்கும் காய்ந்த இலைக்குள் தலைகீழாகத் தொங்கியபடி மூக்கை விட்டுக் குடைந்துகொண்டிருக்கும்.

படி 5: பைனாகுலரைக் குனிந்து தேடினால் பறவை போச்சு. பார்வையை அதன்மேலேயே வைத்து, பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்லென்ஸ்) போதும்.

செம்பழுப்புத் தொப்பி, மஞ்சள் நெஞ்சில் பேனாவால் இழுத்தது போல மெல்லிய கருங்கோடுகள், வெளிறிய கண். செம்பழுப்புத் தொப்பியை மட்டும் நம்பாதீர்கள், அங்கே இருக்கும் தையல்சிட்டுகளுக்கும் அது உண்டு, கோடுகள் கிடையாது.

பார்த்தாச்சு என்று கிளம்பிவிட வேண்டாம். சில நாள் இதோடு சேர்ந்து வேறு பூச்சிதின்னிகளும் கூட்டமாக வரும், இன்னும் இரண்டு நிமிடம் நில்லுங்கள்.