சிமெண்ட் தரைக்குச் சாயம் ஏற்றுவோர் செய்யும் தவறுகள்

மதுரையிலும் சுற்றுவட்டார ஊர்களிலும், டைல்ஸ் பரவுவதற்கு முன் கட்டிய வீடுகளில் சாம்பல் நிறச் சிமெண்ட் தரை இன்னும் உறுதியாகவே இருக்கிறது. அதை உடைக்காமல் நாமே சாயம் ஏற்றிக்கொள்ளலாம் என்று இறங்குவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, சாயத்தைப் பெயின்ட் போல எண்ணுவதிலிருந்தே தொடங்குகின்றன. பெயின்ட் தரையின் மேல் படலமாகப் படிகிறது. ஆசிட் ஸ்டெயின் எனப்படும் சாயமோ, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைந்த இரும்பு, மாங்கனீசு, தாமிர உப்புகள் சிமெண்டில் எஞ்சியிருக்கும் சுண்ணாம்புடன் வினைபுரிவதால் தரைக்குள்ளேயே உண்டாகும் நிறம். ஆகவே எந்த நிறம் வரும், எங்கே வராது என்பதைத் தீர்மானிப்பது டப்பாவை விடத் தரைதான்.

தண்ணீர் தெளித்துப் பாராமல் வேலையைத் தொடங்குவது முதல் தவறு. தரையில் ஐந்தாறு இடங்களில் சில துளிகள் விட்டுப் பார்க்க வேண்டும். துளி உடனே உறிஞ்சப்பட்டு அந்த இடம் கறுத்தால் சாயமும் இறங்கும். முத்துப்போல உருண்டு நின்றால் அங்கே எண்ணெய், மெழுகு, பழைய வார்னிஷ் ஏதோ ஒன்று இருக்கிறது. திருப்பரங்குன்றத்தில் உள்ள எங்கள் வீட்டில் கூடத்தின் நடுவில் மட்டும் சோதித்துவிட்டு நான் திருப்தியடைந்தேன். பூஜை அலமாரியின் முன் பல ஆண்டுகளாகக் குத்துவிளக்கு இருந்த இடத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. சாயம் ஊற்றியதும் மற்ற இடங்களில் மெல்ல நுரை எழுந்தது. அந்த ஒரு சாண் வட்டத்தில் மட்டும் நல்லெண்ணெய் ஊறிய சிமெண்ட் அசையாமல் கிடந்தது. சலவைச் சோடாக் கரைசலை ஊற்றி, தேய்த்து, துடைத்து, இப்படி மூன்று நான்கு முறை முன்கூட்டியே செய்திருக்க வேண்டும். கொத்தனார் கரண்டியால் கண்ணாடிபோல் தேய்த்து முடித்த தரையிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே அழுக்கு இல்லாவிட்டாலும் துளைகள் அடைபட்டிருக்கும் என்பதால், உப்புத்தாள் கொண்டு மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்கிய பிறகே சாயம் பிடிக்கும்.

இதைவிடப் பெரிய தவறு, தரை சுத்தமாகட்டும் என்று கழிவறைக்கு வாங்கி வைத்த ஆசிட்டை ஊற்றிக் கழுவுவது. சாயம் வினைபுரிய வேண்டிய சுண்ணாம்பை அந்த ஆசிட் முன்னதாகவே தின்றுவிடும். பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாயத்தை ஊற்றினாலும் வெளிறிய கறைதான் மிஞ்சும்.

எந்தச் சிமெண்டில் போட்ட தரை என்பதையும் விசாரிப்பது நல்லது. இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பிபிசி (PPC, போர்ட்லாண்ட் பொசோலானா) சிமெண்டில் நிலக்கரிச் சாம்பல் 15 முதல் 35 விழுக்காடு வரை சேர்க்கப்படுகிறது. அந்தச் சாம்பல் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிக்கொள்வதால், ஆசிட் ஸ்டெயினுக்குக் கிடைக்கும் சுண்ணாம்பு குறைந்து, நிறம் மங்கலாகவே வரக்கூடும். பீரோ நிற்கும் மூலையில் ஓர் அடி சதுரத்தில் சாயமிட்டு, கழுவி, நிறத்தைக் காக்க மேலே பூசும் சீலரும் பூசிப் பார்த்த பிறகே முழுத் தரைக்கு வர வேண்டும். அங்கே நிறம் எடுபடவில்லை என்றால், சுண்ணாம்பை நம்பாமல் துளைகளில் நிறமிகளைப் படியவைக்கும் தண்ணீர்ச் சாயத்துக்கு மாறிவிடலாம். புதிதாகப் போட்ட தரையென்றால் 28 நாள் பொறுத்தே ஆக வேண்டும்.

சிலர் ரெட் ஆக்சைடு தூளைத் தண்ணீரில் கரைத்துப் பழைய தரையில் பூசிவிடுகிறார்கள். காவித் தரை அப்படி உருவாவதில்லை. அந்தத் தூள் ஈரமான சிமெண்டோடு கலந்து தேய்க்கப்பட்டால்தான் நிற்கும். மேலே பூசினால் பாதத்திலும் பாயிலும் ஒட்டிக்கொண்டு போகும்.

செலவைக் குறைக்க அன்னபேதியைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்றும், உரக்கடையில் பெர்ரஸ் சல்பேட் என்றும் விற்கும் அந்த இளம்பச்சைப் படிகத்தை லிட்டருக்கு 100 கிராம் அளவில் கரைத்துத் தூரிகையால் பரப்பினால், துரு நிறம் கிடைக்கும். ஆனால் ஊற்றியவுடன் தரை வெறும் ஈரமாகத்தான் தெரியும். காயக் காய மஞ்சள் படர்ந்து, சில மணி நேரத்தில்தான் துரு நிறம் எழும். அந்தப் பொறுமை இல்லாமல் இரண்டாம் முறை, மூன்றாம் முறை ஊற்றுவோர் மறுநாள் காலையில் எதிர்பாராத அடர்நிறத்தைப் பார்த்துத் திகைப்பார்கள். பள்ளங்களில் தேங்க விட்டால் வளையம் வளையமாகக் கறை விழும். வேட்டியில் தெறித்தால் போகாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில், குறிப்பாகக் கண்மாயை ஒட்டிய பகுதிகளில், தரைக்கு அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டிருக்கும். அதன்மேல் சீலர் பூசினால் வெண்படலம் பூத்து நிறத்தை மறைத்துவிடும். ஒன்றரை அடி சதுரப் பாலிதீன் தாளை நான்கு புறமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டு, எடுக்கும்போது அடியில் நீர் கோத்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் தவறு வேறு வகையானது. நண்பகலில் தொடங்கினால் சாயம் வினைபுரியும் முன்பே காய்ந்துவிடுகிறது, சீலரில் கொப்புளம் கிளம்புகிறது. விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும் முன் முடித்துக்கொள்வதே வழி.

ஆசிட் ஸ்டெயின் காய்ந்த பிறகு தரையில் படிந்திருக்கும் கறுத்த தூளை நிறம் என்று நம்பி அப்படியே சீலர் பூசுவது பலர் செய்யும் தவறு. அது கழிவு, சீலரை ஒட்டவிடாது. 10 லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ சமையல் சோடா கரைத்து ஊற்றி அமிலத்தை முறித்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி அழுக்காகாத வரை கழுவ வேண்டும். உப்புத் தன்மையுள்ள போர்வெல் தண்ணீரில் கடைசி அலசலைச் செய்யாதிருப்பது நல்லது, உப்பு அப்படியே படியும். கழுவிய நீரைக் கிணற்றுப் பக்கமோ துளசி மாடத்துப் பக்கமோ விடக் கூடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஆசிட் கிடக்கும் தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு கிளம்பி உயிருக்கே ஆபத்தாகும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்து, இரும்புச் சாமான்களை அகற்றிவிட்டு, பிளாஸ்டிக் வாளியில் வேலை செய்ய வேண்டும். ஆவி பட்டாலே பீரோ துருவேறும். பக்கத்து அறையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் வாசலில் நன்றாக அணைகட்டிக்கொள்ளுங்கள். அதுவும் சிமெண்ட்தான், அமிலம் பட்ட இடத்தில் மேற்பூச்சின் பளபளப்பு போய்விடும்.

சீலரைக் கெட்டியாக ஒரே பூச்சில் முடிக்காமல், மெல்லியதாக இரண்டு முறை பூசி, ஒவ்வொன்றும் டப்பாவில் சொன்ன நேரம் காய விட வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டாம் பூச்சு முழுதும் இறுகும் முன் அலமாரியை இழுத்துப் போட்டதில், அதன் நான்கு கால்களின் தடமும் இன்றைக்கும் கூடத்தில் இருக்கின்றன.