சூப் கெட்டியாக, கட்டி தட்டாமல் வர

கொதிக்கிற சூப்பில் சோள மாவை அப்படியே கொட்டினால் கட்டி தட்டிவிடும், எவ்வளவு வேகமாகக் கிண்டினாலும் சரி. செடிகள் தங்கள் உணவை மாவுச்சத்தாக, கண்ணுக்குத் தெரியாத சிறு மணிகளாகச் சேமித்து வைக்கின்றன; சூப்புக்குப் போடும் சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) இந்த மணிகள்தான். குளிர்ந்த தண்ணீரில் இந்த மணிகள் கரையாது, தனித்தனியாகப் பிரிந்து மிதக்கும். சூடு சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதுதான் தண்ணீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும். கொதிக்கும் சூப்பில் நேராக விழுந்த மாவின் வெளிப்பக்கம் உடனே பசையாகி, உள்ளே தண்ணீர் புகாமல் அடைத்துவிடுகிறது. கட்டியை உடைத்துப் பாருங்கள், நடுவில் மாவு உலர்ந்தே இருக்கும்.

அதனால் முதலில் ஒரு ஸ்பூன் மாவை இரண்டு ஸ்பூன் குளிர்ந்த தண்ணீரில் கலந்துகொள்ளுங்கள். மாவு சீக்கிரம் அடியில் தங்கிவிடும் என்பதால், ஊற்றும் முன் மறுபடி நன்றாகக் கலக்குங்கள். ஊற்றியதும் கிண்டிக்கொண்டே இருந்து, கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். அவசரப்பட்டு முன்பே இறக்கினால் பச்சை மாவு வாடை போகாது, முழுக் கெட்டியும் வராது.

அப்புறம் எலுமிச்சைச் சாறு, வினிகர் எல்லாம் கடைசியில்தான். புளிப்போடு சேர்ந்து வெகுநேரம் கொதித்தால் மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகள் உடைந்து சூப் மறுபடி நீர்த்துப்போகும். உருளைக்கிழங்கு மாவு இன்னும் மென்மையானது. சோள மாவைவிடக் குறைந்த சூட்டிலேயே கெட்டியாகிவிடும், அதைக் கொதிக்கவே விடாதீர்கள்.