மலையில் இருந்தபடியே ஒரு சிம்பொனி சீசன்: முதல்முறை கேட்பவர்களுக்கு

முழு ஆர்கெஸ்ட்ராவும் கொயரும் சேர்ந்த கச்சேரி குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு எட்டாதது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். சர்ச் கொயரில் ஒரு கிறிஸ்துமஸுக்காவது நின்று பாடியிருந்தால், நாலு குரல் சேரும்போது என்ன நடக்கும் என்று உங்கள் காதுக்குத் தெரியும். அதனால் கொயர் இருக்கும் கச்சேரியிலிருந்தே தொடங்குங்கள்.

1. அட்டவணையைப் பாருங்கள்

ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராக்களின் சீசன் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கி ஜூன் வரை போகும். பெர்லின் பில்ஹார்மோனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு இணையத்தில் நேரலை தருகிறது. அங்கே இரவு 8 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு 12:30. ஊட்டிக் குளிரில் அவ்வளவு நேரம் விழித்திருக்க முடியாதவர்கள் பதிவைப் பிறகு பார்க்கலாம். நேரில்தான் வேண்டும் என்றால் மும்பையில் 2006-ல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது. கோயம்புத்தூரில் இறங்கினால் மும்பைக்கு ரயிலும் உண்டு, விமானமும் உண்டு.

நிகழ்ச்சிக் குறிப்பில் சோப்ரானோ, மெஸ்ஸோ (பெண் குரல்கள்), டெனர், பேஸ் (ஆண் குரல்கள்) என்று நான்கு பாடகர்களின் பெயர்களும் அவற்றோடு ஒரு கொயரின் பெயரும் இருந்தால், அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஒரே ஒரு படைப்பு போதும்

பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியைச் சொல்வேன். 1824 மே 7 அன்று வியன்னாவில் அரங்கேறியது. மொத்தம் 70 நிமிடம் அளவுக்கு ஓடும், நான்கு பகுதிகள். முதலில் நான்காம் பகுதியை மட்டும் கேளுங்கள்.

ஆரம்பத்தில் பெரிய இரைச்சல். பிறகு முந்தைய மூன்று பகுதிகளின் மெட்டுகளும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும்; வயலின் குடும்பத்தின் பெரிய, கீழ்ஸ்வர வாத்தியங்களான செல்லோவும் டபுள் பேஸும் ஒவ்வொன்றையும் மறுத்து ஒதுக்கும். அதன்பின் அதே செல்லோவும் டபுள் பேஸும் மிக மெல்லிய ஒலியில் ஒரு எளிய மெட்டை எடுக்கும். துணை எதுவும் இல்லை. அப்புறம் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), வயலின் என்று ஏறி மொத்த ஆர்கெஸ்ட்ராவும் அதைப் பிடித்துக்கொள்ளும். இங்கேதான் ஹெட்போன் அவசியம். போன் ஸ்பீக்கரில் அந்தக் கீழ் ஸ்வரங்கள் கேட்கவே கேட்காது, இந்தப் படைப்பின் உயிரே போய்விடும். மழைக்காலத்தில் கரண்டும் சிக்னலும் ஒன்றாகப் போகும், அதனால் முன்கூட்டியே டவுன்லோட் செய்து வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் முதல் மனிதக் குரல்: "நண்பர்களே, இந்த ஒலிகள் வேண்டாம்" என்று தனியாக ஒரு ஆண் குரல் பாடும். அடுத்து கொயர். கொயர் பாடும் வரிகள் ஷில்லரின் ஜெர்மன் கவிதையிலிருந்து வந்தவை. மொழிபெயர்ப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.

மறுநாள் முழுவதையும் கேளுங்கள். முதல் மூன்று பகுதிகளிலும் கொயர் ஒரு வார்த்தை பாடாது. அந்தக் காத்திருப்பைத் தெரிந்து கேட்டால், அவர்கள் வாய் திறக்கும் இடம் உடம்பைச் சிலிர்க்க வைக்கும்.

3. அரங்கில்

சீக்கிரம் போய்விடுங்கள். தாமதமாக வந்தால் இடைவெளி வரும்வரை வெளியேதான். ஓபோ என்ற ஊதுகுழல் வாத்தியம் ஒரு ஸ்வரம் கொடுக்க எல்லோரும் சுருதி சேர்ப்பார்கள். பகுதிகளுக்கு நடுவே கை தட்டும் வழக்கம் இல்லை. ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் கையை இறக்கித் திரும்பும்வரை பொறுங்கள்.

4. அடுத்தது, விருந்தினர் சோலோ

ஒரு கலைஞரின் பெயரோடு வயலின் என்றோ பியானோ என்றோ போட்டிருந்தால் அன்று பெரும்பாலும் கன்சர்ட்டோ, அதாவது ஒரு தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. அதில் ஓரிடத்தில் ஆர்கெஸ்ட்ரா நின்றுவிடும், சோலோ கலைஞர் மட்டும் தனியாக வாசிப்பார். அதற்குக் கேடென்ஸா என்று பெயர். மோட்சார்ட் காலத்துக் கன்சர்ட்டோக்களில் அதன் முடிவில் நீண்ட டிரில் ஒன்று, அதாவது பக்கத்துப் பக்கத்து இரு ஸ்வரங்கள் வேகமாக மாறி மாறி ஒலிப்பது, வரும். அதைக் கேட்டதும் கண்டக்டரின் கையைப் பாருங்கள், ஆர்கெஸ்ட்ரா உள்ளே வரப்போகிறது.