வேறு டிஸ்க்கை மவுன்ட் செய்து திருத்தும்போது சிம்லிங்க்கைக் கவனியுங்கள்

பூட் ஆகாத லினக்ஸ் டிஸ்க்கை இன்னொரு கணினியில் ஒரு ஃபோல்டரின் கீழ் மவுன்ட் செய்து (இணைத்து), அதிலுள்ள கான்ஃபிக் ஃபைலைத் திருத்துகிறீர்கள். சேவ் ஆகிவிட்டது, ஆனால் மாறியது உங்கள் கணினியின் ஃபைல்! அந்த ஃபைல் சாய்கோட்டில் தொடங்கும் பாதையைக் காட்டும் சிம்லிங்க்காக (வேறொரு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழியாக) இருந்திருக்கும். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அந்தச் சாய்கோட்டை ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் ரூட்டாகத்தான் (எல்லாப் பாதையும் தொடங்கும் உச்சி ஃபோல்டராகத்தான்) எடுத்துக்கொள்ளும். (நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.)

எடிட்டரைத் திறக்கும் முன் 'எல்எஸ் -எல்' (ls -l) கட்டளை போட்டு, அம்புக்குறி எங்கே போகிறது என்று பாருங்கள். அதைவிட நல்லது, சிஎச்ரூட் (chroot: ஒரு ஃபோல்டரையே ரூட்டாக மாற்றிக் காட்டும் கட்டளை) செய்து உள்ளேயே போய்விடுவது. அப்புறம் எல்லாப் பாதையும் அந்த டிஸ்க்கிலிருந்தே தொடங்கும்.

புரோகிராம் எழுதுபவர்கள் சிஎச்ரூட் இல்லாமலே சமாளிக்கலாம்: லினக்ஸ் 5.6 முதல் ஃபைலைத் திறக்கும் 'ஓப்பன்ஏட்2' (openat2) அழைப்பில் 'ரிசால்வ் இன் ரூட்' (RESOLVE_IN_ROOT) என்ற கொடி, அதாவது விருப்பத் தேர்வு, உண்டு. கொடுத்த ஃபோல்டரையே ரூட்டாக வைத்துத் தேடும். மேல் ஃபோல்டருக்குப் போகும் இரட்டைப் புள்ளி (..) போட்டாலும் வெளியே நழுவாது.